புள்ளி வைத்த எழுத்தும் இணையத்து முகவரியும்

ஜேர்மனி நாட்டின் தென்பாகத்தில் உள்ள பவேரியா மாநிலத்தின் தலைநகரை ஆங்கிலேயர் 'மியூனிக்' என்பர். அந்நகரத்தார் தம் ஊர்ப்பெயரை எழுதும்போது 'எம்' என்னும் எழுத்தை அடுத்துத் தலைமேல் இரு புள்ளி தாங்கிய 'யு' எழுத்தை எழுதுவர். அவ்விரு புள்ளிகளும் அணிக்காக இட்டவை அல்ல. அவற்றை நீக்கினால் ஒலி வேறாகிவிடும். 'ஏற்கெனவே' என்று பொருள்படும் ஜேர்மானியச் சொல் ஒன்றின் நடுவே நிற்கும் 'ஓ' எழுத்துக்கு இரு புள்ளி வைத்தால் அது 'அழகிய' என்னும் பொருள் தரும். பிரெஞ்சு மொழியிலோ, எழுத்தின் தலைமேல் இடும் கோடுகளை மாற்றி இட்டுவிட்டால் மீன்பிடித்தல் பாவமாகிவிடும். வேதாந்த விசாரம் அன்று. இரண்டு சொற்களுக்கும் எழுத்து ஒன்றே, குறிகளே வேறு.

இவ்வாறிருக்க, 2004ஆம் ஆண்டு வரையில் ஜேர்மனியின் இணையத்தளப் பெயர்களில் இப்புள்ளி எழுத்துக்களுக்கு இடம் இருக்கவில்லை. பிரான்சு நாட்டின் பெயர்ப் பதிவிலே குறியிட்ட எழுத்துக்கள் புகுந்தது 2012ஆம் ஆண்டிலேதான். ஐரோப்பாவில் அச்சுக்கலையைப் பிறப்பித்த ஜேர்மனிக்கே இந்த நிலை என்றால், 247 எழுத்துக்களை உடைய தமிழுக்கு என்ன நிலை இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இத்தடை எங்ஙனம் வந்தது?

கணினிகள் தம்முள் ஒன்றையொன்று இனங்காண்பது இலக்கங்களால். மனிதர் நினைவிற் பெயர்தான் தங்கும். ஆதலால், இன்ன பெயருக்கு இன்ன இலக்கம் என்று காட்டும் பட்டியல் ஒன்று வேண்டியிருந்தது. இணையத்தின் முன்னோடியாகிய வலையமைப்பிலே கணினிகள் சில நூறாக இருந்த காலத்தில், கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் அம்மையாரின் குழுவினர் அப்பட்டியலை ஒரே கோவையாக வைத்துப் பேணி வந்தனர். கணினிகள் பெருகவே, ஒரே கோவையைக் கட்டியாள்வது முடியாத காரியமாயிற்று. 1983ஆம் ஆண்டு நவம்பரில் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் இப்பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரியோரே பேணும் முறையை வகுத்தளித்தார். இன்று நாம் வழங்கும் ஆள்களப் பெயர் முறை அதுவே.

அம்முறையிலே பெயர்களுக்கு வழக்கில் அனுமதிக்கப்பட்டவை 26 ஆங்கில எழுத்துக்கள், 10 இலக்கங்கள், ஒரு சிறு கோடு. ஆக 37 குறிகள். பெரிய எழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடு கருதப்படுவதில்லை. ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளுக்கு மேற்படலாகாது. இவ்வரையறைக்கு வேரெனத் தக்கது 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுத்த 'ஆஸ்கி' என்னும் எழுத்துக் குறிமுறை. ஏழு இருமக் குறிகளால் அமைந்த அதிலே 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும். வகுத்தவர்களைக் குறை கூறுவது முறையன்று. தம் வீட்டுக்குக் கதவு செய்தவர்கள், உலகம் முழுவதும் அவ்வழியே நுழையப் போகின்றது என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

பிறர் எழுத்துக்குச் செய்த பொறியிலே தம் எழுத்தை அமைக்கும் தொல்லை தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு உருக்கொடுத்தபோது எதிர்கொண்டதும் இதுவே. ஆங்கிலத்துக்கு ஏற்ற சில பத்து விசைகளுக்குள் நம் நெடுங்கணக்கு முழுவதும் அடங்க வேண்டும். விசையை அழுத்தியவுடன் தாள் நகரும் பொறியிலே, மெய்யின் தலைமேற் புள்ளி விழ வேண்டுமானால் அப்புள்ளிக்குரிய விசை தாளை நகர்த்தாது இருக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பொறிகளில் அத்தகைய நகரா விசைகள் அமைந்தன. பொறியை உடைத்தெறியாமல், அதன் இயல்பையே நமக்கு இசைவித்துக்கொண்ட அந்த உபாயத்தை வாசகர் மனத்தில் வைத்திருப்பாராக. இணையத்திலும் அதுபோன்ற ஓர் உபாயமே வென்றது.

பல மொழிகளுக்கும் ஆள்களப் பெயர் வேண்டும் என்ற கருத்தை மார்ட்டின் டூர்ஸ்ட் என்னும் அறிஞர் 1996ஆம் ஆண்டில் முன்வைத்தார். 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்னும் பேராசிரியரின் குழுவினர் அதனைச் செயற்படுத்திக் காட்டினர். தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் நாட்டில் இம்முயற்சி முளைத்தது பொருத்தமே. ஆயினும் ஒரு பெரிய ஐயம் எழுந்தது. உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் பெயர்க் கணினிகள் எல்லாம் 37 குறிகளுக்குப் பழகியவை. அவற்றை ஒரே நாளில் மாற்றுவது இயலுமா? இயலாது. ஆகவே, மாற்றத்தைப் பயனாளரின் கணினியிலேயே நிகழ்த்திவிடுவது என்று முடிவாயிற்று. நாம் தமிழிற் பெயரைத் தட்டினால், நம் கணினியிலுள்ள உலாவி அதனை ஆங்கில எழுத்தும் இலக்கமுமாகிய ஒரு மறைமொழியாக மாற்றி அனுப்பும். பழைய கணினிகள் வழக்கம்போல் வேலை செய்யும். 'பியூனிக்கோட்' என்னும் இம்மாற்றுமுறையை ஆடம் கொஸ்ரெல்லோ என்பார் வகுத்தார். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது விதியாக வெளிவந்தது. மறைமொழி என்று அறிவதற்காக அதன் முன்னே 'எக்ஸ்', 'என்' என்னும் ஈரெழுத்தும் இரண்டு சிறு கோடுகளும் நிற்கும்.

மாணவர்களுக்காக இம்முறையைச் சற்றே விரித்துரைப்போம். உலக மொழிகளின் எழுத்துக்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யுனிக்கோட் அட்டவணையிலே, இரு புள்ளி தாங்கிய 'யு' எழுத்தின் எண் 252. மியூனிக் நகரின் ஜேர்மானியப் பெயரில் மொத்தம் ஏழு எழுத்துக்கள். புள்ளி எழுத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவன ஆறு. அவற்றை முதலில் எழுதிவிட வேண்டும். ஆறு எழுத்துக்களைச் சார்ந்து, எடுத்த எழுத்தைச் செருகத்தக்க இடங்கள் ஏழு உண்டு: முதலெழுத்துக்கு முன்னே ஒன்று, ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னே ஒவ்வொன்று. ஆஸ்கி 127ஆம் எண்ணோடு முடிகின்றமையால் எண்ணிக்கை 128இலிருந்து தொடங்கும். 252இல் 128 போக 124. 124ஐ 7ஆற் பெருக்க 868. முன்னிடத்தைச் சுழியம் என்று கொண்டால் நம் எழுத்துக்குரியது ஒன்றாம் இடம்; ஆகவே ஒன்றைக் கூட்ட 869. இந்த ஓர் எண்ணிலேயே எந்த எழுத்து, எந்த இடம் என்னும் இரண்டு செய்தியும் அடங்கிவிட்டன. 869ஐ ஏழால் வகுத்தால் ஈவு எழுத்தையும் மீதி இடத்தையும் காட்டும். பின்னர் அவ்வெண்ணை 36 குறிகளால் எழுதினால் '3' என்னும் இலக்கமும் 'வை', 'ஏ' என்னும் ஈரெழுத்தும் வரும். ஆறு எழுத்தின் பின்னே ஒரு சிறு கோடிட்டு இம்மூன்றையும் எழுதினால் மறைமொழி முடிந்தது. கணிதத்தில் விருப்பமுள்ள மாணவர் தம் பெயருக்கும் செய்து பார்க்கலாம். எழுத்துக்கள் பெருகப் பெருகக் கணக்குச் சிக்கலாகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கின்றோம்.

தமிழ்ச் சொல்லை இம்முறையில் இட்டால் என்னாகும்? 'இலங்கை' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று கேட்டால், இலக்கணம் பயின்ற சிறுவன் நான்கு என்பான்: இ, ல, ங், கை. யுனிக்கோட் கணக்கில் அவை ஆறு. மெய்யின் புள்ளிக்கு ஓரெண், ஐகாரக் குறிக்கு ஓரெண் என்று தனித்தனியே எண்ணப்படும். மறைமொழியாக மாற்றியபின் முன்னொட்டும் சேர்ந்து 16 குறிகள். ஒரே சொல்லுக்கு மூன்று கணக்கு. தொல்காப்பியர் கணக்கே நமக்கு உவப்பு; எனினும், இணையத்தில் 63 என்னும் எல்லைக்கு அகப்படுவது மூன்றாவது கணக்கே. நீண்ட பெயர்களை உடைய நம் சங்கங்களும் சபைகளும் பெயர் பதியுமுன் இதனை நினைத்தல் நலம்.

இன்னொரு விதியும் தமிழறிந்தோர்க்கு இனிக்கும். எந்தப் பெயரும் உயிர்க்குறி போன்ற சார்புக் குறியோடு தொடங்கலாகாது என்பது அது. மொழிக்கு முதலாகும் எழுத்து இவை, ஆகா எழுத்து இவை என்று நம் இலக்கணம் பன்னெடுங் காலத்துக்கு முன்பே வரம்பு கட்டியது; கணினி வல்லுநரும் தம் வழியே நடந்து அவ்வாசலுக்கே வந்து சேர்ந்தனர்.

இணையப் பெயர்களின் மூலப் பட்டியலை மேற்பார்க்கும் 'ஐக்கான்' நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் பதினொரு வகைப் பெயர்களை வெள்ளோட்டம் விட்டது. அரபு, பாரசீகம், சீனம், உருசியம், ஹிந்தி, கிரேக்கம், கொரியம், இத்திஷ், ஜப்பானியம் ஆகியவற்றோடு தமிழும் அதிலே இருந்தது. 'உதாரணம்' என்பது தளத்தின் பெயர். புள்ளிக்குப்பின் 'பரிட்சை' என்பது ஈறு. ஆம், குறில்தான்! 'பரீட்சை' என்று நெடிலாக வரவேண்டிய இடத்திற் குறிலாகவே அது உலக மூலப் பட்டியலில் ஏறியது. தமிழ் இணையம் எழுதிய முதற் பரீட்சையிலேயே எழுத்துப்பிழை புகுந்தது என்று நகைக்கலாம். ஆனால், அச்சிட்ட நூலிற் பிழைதிருத்தம் ஒட்டலாம், முகவரியிலே ஒட்டவியலாது. குறிலும் நெடிலும் அங்கே இருவேறு முகவரிகள்.

பரீட்சை எப்படியாயினும் பெறுபேறு நன்றாகவே அமைந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேற்றுகள், உருசியா ஆகிய நாடுகள் தத்தம் எழுத்தில் நாட்டு ஈற்றைப் பெற்றன. அதே ஆண்டில் நம் நாடும் பெற்றது. ஆங்கிலத்தில் 'எல்.கே.' என்று முடியும் பெயர்கள் 1990ஆம் ஆண்டிலே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தொடங்கியவை. 2010இல் அவற்றோடு சிங்கள எழுத்தில் 'லங்கா' என்பதும், தமிழ் எழுத்தில் '.இலங்கை' என்பதும் சேர்ந்தன. '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் ஈறுகள் 2011இல் வந்தன. ஆக, தமிழ் எழுத்தில் நாட்டு ஈறு பெற்றவை மூன்று நாடுகள். அவற்றுள் முந்தியது இலங்கை. நம் மாணவருட் பலர் இதனை அறியார்.

இதனால் விளையும் பயன் யாது என்று சிலர் வினவுவர். ஆங்கில எழுத்தில் எழுதினால் வேலை நடவாதா என்பது அவர் கருத்து. ஜேர்மானியர்க்கு ஒரு வசதி உண்டு. புள்ளி எழுத்துக்குப் பதிலாக அதன் பின்னே 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கம் அவரிடையே நிலைபெற்றது, வாசிப்பவர் தடுமாறார். நமக்கு அத்தகைய பொது வழக்கு யாதும் இல்லை. பழம், பளம், பலம் என்பவற்றை நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் எழுதும்போது மூன்றும் ஒன்றாகின்றன. மனமும் மணமும் ஒன்று. பனியும் பணியும் ஒன்று. அறமும் அரமும் ஒன்று. 'அறம்' என்று பெயர் சூடிய தரும நிறுவனம் ஒன்று, இணையத்திலே இரும்பு அராவும் கருவியாகத் தோற்றமளிக்க நேர்கின்றது. இவ்விழப்பு எமக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

எழுத்தின் கதவு திறந்தபோது கள்வரும் உள்ளே வந்தனர். குடும்பத்தார் யாவரும் கருத்தூன்றி அறியவேண்டிய பகுதி இதுவே.

உருசிய எழுத்துக்களிற் சில, ஆங்கில எழுத்துக்களோடு உருவத்தில் இம்மியும் வேறுபடா. 'ஏ', 'சி', 'ஈ', 'ஓ', 'பி' என்னும் ஆங்கில எழுத்துக்களின் சிற்றுருவங்கள் உருசிய நெடுங்கணக்கிலும் உண்டு. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு எண். 2002ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சியாளர், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பெயரில் இரண்டோர் எழுத்தை உருசிய எழுத்தாக்கிப் பதிந்து, இவ்வாறும் ஏமாற்றலாம் என்று உலகுக்கு எச்சரித்தனர். 2005இல் பணம் அனுப்பும் 'பேபால்' என்னும் சேவையின் பெயரைக்கொண்டு இதே வேடிக்கை காட்டப்பட்டது. அதன்பின், இருவேறு எழுத்து முறைகள் ஒரு பெயரிலே கலந்து வந்தால் மறைமொழியையே காட்டும் வழக்கத்தை உலாவிகள் மேற்கொண்டன. 2017ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியாளர் அதனையும் கடந்தார். 'ஆப்பிள்' நிறுவனத்தின் பெயரிலுள்ள ஐந்தெழுத்தையும் உருசிய எழுத்தாகவே அமைத்துவிட்டார். கலப்பே இல்லையாதலால் உலாவிகள் சில ஏமாந்தன. பின்னர் அவற்றிற் பல திருந்தின.

இவ்வொப்புமை நாடுகளையே தடுத்ததுண்டு. பல்கேரியா தன் எழுத்தில் ஈரெழுத்து ஈறு கேட்டபோது, அது பிரேசில் நாட்டின் ஆங்கில ஈறு போலத் தோன்றுகின்றது என்று 2010இல் மறுத்துவிட்டனர். அந்நாடு விடாது முயன்று 2016இல் அதனைப் பெற்றது.

ஜேர்மானியரின் இரட்டை 'எஸ்' எழுத்தின் கதை வேறு வகையானது. 2003ஆம் ஆண்டு விதிகள் அதனை இரண்டு 'எஸ்' எழுத்தாக மாற்றிவிடும். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்திய விதிகள் அதனைத் தனியெழுத்தாகவே ஏற்றன. ஜேர்மானியப் பதிவகமும் அவ்வாண்டு நவம்பரில் ஏற்றது. விளைவு யாது? ஒரே பெயரை இருவர் தட்ட, பழைய விதியைப் பின்பற்றும் உலாவி ஒருவரை ஒரு தளத்துக்கும், புதிய விதியைப் பின்பற்றும் உலாவி மற்றவரை வேறு தளத்துக்கும் கொண்டு போகலாம். அத்தெருவிலே வங்கி ஒன்று இருந்தால் என்னாகும்? கூகிளின் குரோம் உலாவி புதிய விதிக்கு வந்து சேர்ந்தது 2023ஆம் ஆண்டில்.

தமிழ் எழுத்திலும் இத்தகைய பொறிகள் உள. நம் பழைய எண்களை நோக்குக. ஒன்றைக் குறிக்கும் ௧ ககரம் போலும், இரண்டைக் குறிக்கும் ௨ உகரம் போலும், ஏழும் எட்டும் எகர அகரம் போலும் இருக்கின்றன. ஔகாரமும், ஒகரத்தின் பின்னே ளகரம் எழுதியதும் கண்ணுக்கு வேறுபடா. 'ஸ்ரீ' என்னும் எழுத்தோ இன்னும் நுட்பமானது. 2005ஆம் ஆண்டிலே 'ஶ' என்னும் எழுத்து யுனிக்கோட்டிற் சேர்ந்தபின், சகார வகையாலும் ஸகார வகையாலும் அதனை இருவிதமாக எழுதலாம். திரையிலே இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கோயிற் பெயர்களில் எத்தனை இவ்வெழுத்தோடு தொடங்குகின்றன என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. சிங்களத்தில் இதே எழுத்துக்குக் கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக் குறி ஒன்று வேண்டும். 2003ஆம் ஆண்டு விதிகள் அக்குறியை விழுங்கிவிட்டன. திருத்திய விதிகள் உயிர்நீக்கக் குறியை அடுத்து வந்தால் மட்டும் அதனை ஏற்கின்றன.

ஆகவே, குறுஞ்செய்தியில் வரும் முகவரியை அழுத்தி வங்கித் தளத்துக்குப் போகும் பழக்கத்தை விட்டுவிடுதல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் முதியோரே இவ்வலையில் எளிதில் வீழ்வர். முகவரியைத் தம் கையாலே தட்டுதல், அல்லது முன்பே குறித்து வைத்த இடத்திலிருந்து திறத்தல் இரண்டும் பாதுகாப்பான வழிகள். கண்ணால் உற்று நோக்கிக் கண்டுபிடித்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சுட்டாமல் விடவியலாது. 'எக்ஸ், என்' என்று தொடங்கும் முகவரியைக் கண்டால் அஞ்சுக என்று சிலர் பொத்தாம் பொதுவாக அறிவுரை கூறுகின்றனர். தமிழ் முகவரி ஒன்றை உலாவியிலிருந்து படியெடுத்து நண்பருக்கு அனுப்பினாற் பல வேளைகளில் அந்த மறைமொழி வடிவமே போய்ச் சேரும். நேர்மையான தமிழ்ப் பெயருக்கும் வஞ்சகமான போலிப் பெயருக்கும் ஒரே முகமூடி. ஆங்கிலப் பெயரை எதிர்பார்த்த இடத்தில் அம்முன்னொட்டு வந்தால் அஞ்ச வேண்டும். தமிழ்ப் பெயரை எதிர்பார்த்த இடத்தில் அது இயல்பு. அறிவுரை கூறுவோர் இவ்வேறுபாட்டையும் சேர்த்துக் கூறுவாராக.

மின்னஞ்சலின் நிலை இன்னும் பின்தங்கியது. தமிழ் முதலிய எழுத்துக்களில் அஞ்சல் முகவரி அமைப்பதற்கான விதிகள் 2012ஆம் ஆண்டிலே வெளிவந்தன; கூகிளின் அஞ்சற் சேவை 2014இல் அவ்வகை முகவரிகளோடு கடிதம் பரிமாற இசைந்தது. ஆயினும், விண்ணப்பப் படிவங்களை இணையத்தில் அமைப்போருட் பலர் ஆங்கில எழுத்தல்லாத எதனையும் 'பிழையான முகவரி' என்று தள்ளும்படியே இன்றும் எழுதி வைக்கின்றனர். முகவரி பிழையன்று, படிவமே பிழை. கணினித் துறையிற் புகும் நம் மாணவர் தாம் எழுதும் முதற் படிவத்திலேனும் இதனைத் திருத்தலாம்.

தமிழிற் பெயர் பதிய எண்ணும் பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் சில சொற்கள். ஆங்கிலப் பெயர் ஒன்றையும் உடன் பதிந்து, இரண்டும் ஒரே தளத்தைக் காட்டுமாறு செய்க. தமிழ் விசைப்பலகை இல்லாத இடத்தில் அது உதவும். பெயரில் ஸ்ரீ, ஔ முதலியன வருமாயின் மாற்று வடிவத்தையும் பதிய முடியுமா என்று பதிவகத்தாரிடம் கேட்டறிக. குறில் நெடில், ரகர றகரம் ஆகியவற்றை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த பின்னரே பணம் கட்டுக. பதிவு குறித்த காலத்துக்கே செல்லும். தவணை தவறினால் அப்பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆதலால், புதுப்பிக்கும் திகதியைச் செயலாளர் ஒருவரின் நினைவில் மட்டும் விடாது, சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் எழுதி வைத்தல் வேண்டும்.